எழுபத்தெட்டு வயதில் ஒரு நாயகி

குணச்சித்திர நடிகைகளுக்கு முகம் உண்டு, பெயர் கிடையாது. ‘இந்தம்மாவை எங்கேயோ பார்த்திருக்கிறோமே’ என்று ரசிகர் யோசித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். ஆங்கிலேய நடிகை ஜோன் ஹிக்ஸனின் பிழைப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படித்தான் ஓடியது.

1906ல் பிறந்தவர். லண்டனின் ராயல் அகாதெமியில் நடிப்புப் பயிற்சி. 1927ல் மேடை ஏறினார். பிறகு ஏராளமான படங்கள். எல்லாம் துண்டு வேடங்கள். ‘கேரி ஆன் நர்ஸ்’ (1959) படத்தில் வார்டு சிஸ்டர். மற்றவற்றில் வீட்டுக்காரம்மா, வேலைக்காரி, சிடுசிடு அத்தை. கிடைத்த இரண்டு நிமிடத்தில் ஒரு முழு மனுஷியைக் காட்டிவிட்டுப் போவார்.

1945ல் அகதா கிறிஸ்டியின் ‘அப்பாயின்ட்மென்ட் வித் டெத்’ நாடகத்தில் நடித்தார். பார்த்த கிறிஸ்டிக்கு என்ன தோன்றியதோ, என்றாவது ஒரு நாள் நீங்கள் என் மிஸ் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். ஹிக்ஸனுக்கு அப்போது நாற்பது வயதுதான் இருக்கும்.

அந்த நாள் சுலபத்தில் வரவில்லை. 1961ல் ‘மர்டர் ஷி செட்’ படமானபோது மார்ப்பிளாக நடித்தவர் மார்கரெட் ரூதர்ஃபோர்ட். ஹிக்ஸனும் அதில் இருந்தார், வேலைக்காரியாக! 1976ல் கிறிஸ்டி மறைந்தார். 1979ல் ‘பெட்ரூம் ஃபார்ஸ்’ நாடகத்துக்காக அமெரிக்காவின் டோனி விருது ஹிக்ஸனுக்குக் கிடைத்தது. அதுவும் துணை வேடத்துக்குத்தான்.

1984 டிசம்பரில் பி.பி.சி.யின் மிஸ் மார்ப்பிள் தொடர் ஆரம்பமானபோது அவருக்கு வயது 78. ரூதர்ஃபோர்ட் சிரிக்க வைத்தார் என்றால், ஹிக்ஸன் சத்தமே போடவில்லை. மூலையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னும் கிராமத்துக் கிழவி. யாரும் லட்சியம் செய்யாததால் எல்லோரையும் கவனிக்க முடிகிறது, கொலைகாரன் உட்பட. பார்வை பதியாத ஓரத்தில் நின்றே காலம் தள்ளிய நடிகைக்கு இதைச் சொல்லித்தர இயக்குநர் தேவைப்பட்டிருக்காது.

1992க்குள் பன்னிரண்டு மார்ப்பிள் நாவல்களையும் முடித்தபோது வயது 86. 1998ல் மறைந்தார். வயதான நடிகைகளுக்கு வேடமில்லை என்று கைவிரிக்கும் தயாரிப்பாளர்கள் அந்தப் பன்னிரண்டையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். வேடத்துக்கா பஞ்சம்? எழுதிக் கொடுக்கத்தான் ஆளில்லை.