ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள்

திண்டுக்கல் வட்டார வகுப்பறைகளில் அடிக்கடி நடப்பதுதான். ஆசிரியர் பலகையில் கணக்கை எழுதிப்போடுகிறார். கடைசி வரிசைப் பையன் பக்கத்தில் இருப்பவனின் நோட்டை எட்டிப் பார்த்து எழுதுகிறான்; 63 என்பது அவன் நோட்டில் 68 ஆகிவிடுகிறது. 'படிப்பில் கவனமே இல்லை' என்று திட்டு விழுகிறது. பலகை மங்கலாகத் தெரிகிறது என்று அவன் வாய் திறப்பதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைப்பவன் எதைப் புகார் சொல்வான்?

கிட்டப்பார்வை உள்ள பிள்ளையாவது டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தோ, கண்ணைச் சுருக்கியோ காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கண்ணில் மட்டும் குறை இருந்தால் அந்த அடையாளம்கூட இருக்காது. நல்ல கண்ணே எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும். மங்கலான கண் அனுப்பும் படத்தை மூளை ஒதுக்கப் பழகிவிடும். 'சோம்பேறிக்கண்' என்பது இதுதான். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்துக் கண்ணாடி போட்டு, தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணை மறைத்துப் பழக்கினால் பெரும்பாலும் பார்வையை மீட்கலாம். வயது ஏற ஏறப் பலன் குறையும்.

இடிப்பது இங்கேதான். பள்ளிக் கண் பரிசோதனைகள் நெடுங்காலம் பத்து வயதைத் தாண்டியவர்களையே குறிவைத்தன. தமிழக அரசு 2009-ல் கொண்டுவந்த கண்ணொளி காப்போம் திட்டமும் ஆறாம் வகுப்புக்கு மேலே படிப்பவர்களைத்தான் முதன்மையாகப் பார்த்தது. கிட்டப்பார்வை அதிகம் தலைகாட்டும் வயது அது என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் சோம்பேறிக்கண்ணுக்கு ஆறாம் வகுப்பு காலம் கடந்த வகுப்பு. 2013-ல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் சின்ன வகுப்புகளுக்கும் வருகின்றன. வருஷத்துக்கு ஒருமுறை வந்து, முப்பது வகைக் குறைகளைத் தேடும் குழு ஒவ்வொரு பிள்ளையின் கண்ணுக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்?

சிகிச்சைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் திண்டுக்கல்லிலேயே கிளை இருக்கிறது. பிள்ளையை அதுவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் முதல் பார்வைதான் தேவை.

அதற்குத் தினசரி காலண்டரே போதும். பிள்ளையைத் தள்ளி நிறுத்தி, அம்மா தன் உள்ளங்கையால் அதன் ஒரு கண்ணை அழுத்தாமல் மூட வேண்டும். பிள்ளையே மூடினால் விரலிடுக்கில் எட்டிப் பார்த்துவிடும். தேதியை யாரும் சொல்லிவிடுவார்கள். அதற்குக் கீழே ராகு காலம், எமகண்டம் அச்சிட்ட இடத்தைப் படிக்கச் சொல்ல வேண்டும். வலக்கண் படித்ததை இடக்கண் படிக்கத் திணறினால், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு, நாலு பக்கமும் திருப்பி வைத்த 'இ' என்ற ஆங்கில எழுத்து அட்டை. கால்கள் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டினால் போதும்.

ஆனால் அம்மா விடியுமுன்னே வேடசந்தூர் பக்கம் மில்லுக்கு வேன் ஏறிவிடும் வீட்டில் இதை யார் செய்வது? ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது ஆசிரியரே செய்வதுதான் சரி. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஆகாது.

கண்ணாடி கொடுத்ததோடும் வேலை முடிவதில்லை. மேற்குச் சீனாவில் 252 பள்ளிகளில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், இலவசக் கண்ணாடி கிடைத்த பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் கூடியது. அங்கேயும் சொல்லாமல் போய்ப் பார்த்தபோது பத்துக்கு நான்கு பேர்தான் கண்ணாடியோடு இருந்தார்கள். இங்கே 'சோடாபுட்டி' என்ற கேலி ஒருபுறம்; கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும், பொன்னாங்கண்ணி தின்றால் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை மறுபுறம். கீரை உடம்புக்கு நல்லது; கிட்டப்பார்வையில் நீண்டுபோன கண்விழியை அது குறுக்காது.

ஆகவே சேர்க்கைப் பதிவேட்டில் வலக்கண், இடக்கண் என்று இரண்டு கட்டங்கள் சேரட்டும். பக்கத்தில் மூன்றாவதாக, 'கண்ணாடி போடுகிறாரா' என்றும் ஒன்று. அரையாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பும்போது அந்தக் கட்டத்தை ஒருமுறை சரிபார்த்தால், உடைந்த பிரேம் எத்தனை, பைக்குள்ளேயே கிடக்கும் கண்ணாடி எத்தனை என்பது தெரிந்துவிடும்.