செயலிக்குப் போகும் பாடவேளை

வகுப்பறைச் சுவரில் திரை ஏறிவிட்டால் பிள்ளைகள் கவனிப்பார்கள், வாத்தியாரின் பாரமும் இறங்கிவிடும் என்று இன்று கிட்டத்தட்ட எல்லோரும் நம்புகிறார்கள். அமைச்சர் மேடையில் அதைச் சொல்கிறார், பெற்றோர் அதைப் பார்த்துப் பள்ளியைத் தேர்வு செய்கிறார்கள், ஆண்டு விழாவில் திரை வாங்கித் தந்த புரவலருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். இந்த நம்பிக்கையின் முதல் பாதி அரைகுறை உண்மை. இரண்டாம் பாதி பொய். அந்தப் பொய்யின் விலையை வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை இந்தத் தூத்துக்குடிக் கரையின் ஆசிரியர்கள் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாடு அரசு இதில் கஞ்சத்தனம் காட்டியதாக யாரும் சொல்ல முடியாது. 2011இல் மாணவர்களுக்கு மடிக்கணினி வந்தது. 2018இல் பாடநூலுக்குள் க்யூ.ஆர். குறியீடு, 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் மணற்கேணி செயலி. பிறகு 22,931 திறன்மிகு வகுப்பறைகளும் 79,723 ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினியும் அறிவிக்கப்பட்டன. இவற்றை வீண் என்று நான் சொல்லவில்லை. இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது என்பதைச் சாக்பீஸால் காட்டுவது கடினம். திரை இரண்டு நிமிடத்தில் காட்டிவிடும்.

ஆனால் கருவியைக் கொண்டுவந்து வைத்தாலே படிப்பு வந்துவிடும் என்பதை உலகம் சோதித்துப் பார்த்து முடித்துவிட்டது. பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான முடிவு: கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் ஏதுமில்லை. அதற்கு மாறாக, டெல்லியில் 2015இல் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள் நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் பிள்ளைகளை நன்றாகவே முன்னேற்றியது. பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் சகாக்களும் செய்த அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். அங்கே பலன் எதனால் வந்தது? ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடித்து அந்தப் படியிலிருந்து தொடங்கினார்கள். எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதால் எட்டாம் வகுப்புக் கணக்கு தெரியும் என்று வைத்துக்கொள்ளவில்லை. பெருவில் அந்த வேலை நடக்கவில்லை.

நம் ஊரிலேயே இதைவிடப் பெரிய சான்று இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் ஒன்றரை ஆண்டு மூடிக் கிடந்த பிறகு, ஊரகத் தமிழ்நாட்டில் 19,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தது முரளிதரன் பங்கேற்ற இன்னொரு ஆய்வு. இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. திண்ணையிலும் சாவடியிலும் மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்த தெருவில் உள்ள அக்காக்கள்தான் அதைச் செய்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருந்தார், பிள்ளைகள் போனார்கள்.

இந்தக் கரையில் ஒரு பிள்ளையின் கவனம் எங்கே போகிறது என்பதைப் பாடத்திட்டக் குழு அறியாது, அந்தப் பள்ளியின் டீச்சர் அறிவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகில் கூலிக்குப் போகிற வீட்டில் அந்த இரண்டு மாதமும் கடன்தான் சமைக்கிறது. பள்ளி திறக்கும்போது அந்த வீட்டுப் பிள்ளை அந்தக் கவலையோடுதான் வந்து உட்காரும். உப்பளத்து வீடுகளில் வேறு கணக்கு. மழைக்காலத்தில் அளம் ஓய்ந்துவிடும். உப்பளத் தொழிலாளருக்கு அரசே 5,000 ரூபாய் நிவாரணம் தருகிற காலம் அது. வேலை இருக்கிற மாதங்களிலோ, வெயிலுக்கு முந்திக்கொள்ள அம்மா விடியும் முன்பே அளத்துக்குப் போய்விடுவாள். தம்பி தங்கையைக் கிளப்பிக் கூட்டிவரும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி இரண்டாம் பாடவேளையில் தூங்கினால், கார்ட்டூன் போட்டு எழுப்புவதா அதற்கு மருந்து? பக்கத்தில் போய் என்னம்மா என்று கேட்க ஐந்து நிமிடம் வேண்டும்.

அந்த ஐந்து நிமிடம்தான் ஆசிரியரிடம் இல்லை. பாரத்தை இறக்கும் என்று சொல்லிக் கொடுத்த கருவியே அதை எடுத்துக்கொண்டது.

காலையில் செயலியில் வருகைப் பதிவு. பிறகு எமிஸ் என்ற கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் பிள்ளையின் ஆதார், ரத்த வகை, உயரம், எடை, வங்கிக் கணக்கு, காலணி அளவு. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகளாகப் பிரித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே மதிப்பீட்டுப் பதிவு. பயிற்சிக்கு ஓர் இணைப்பு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் படம். பெற்றோரின் கைபேசி எண்ணைச் சரிபார்க்க ஓ.டி.பி. கேட்டார்கள். "அவிய கடலுக்குப் போயிருக்காவ டீச்சர், போனு அவியகிட்டதான் இருக்கு" என்று தாய் சொன்னால் அந்தப் பதிவு நாளைக்குத் தள்ளிப்போகும். நாளைக்கு சர்வர் சுற்றிக்கொண்டே நிற்கும். ஈராசிரியர் பள்ளியில் இதையெல்லாம் செய்கிறவர், ஐந்து வகுப்புகளை இன்னொருவரோடு பங்குபோட்டு நடத்துகிறவர். அவர் பதிவேற்றிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகளுக்குத் திரையில் பாடம் ஓடுகிறது. பிள்ளைகளின் பொருட்டு மாட்டிய திரை, ஆசிரியர் இல்லாத நேரத்தை நிரப்பும் வேலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர ஆசிரியரை வேறு கல்விசாராப் பணிக்கு அனுப்பக் கூடாது என்கிறது. எமிஸ் பள்ளிக்குள் நடக்கிற வேலைதானே என்று அதிகாரிகள் பதில் சொல்லலாம். பள்ளிக்குள் நடப்பதால் ஒரு வேலை கற்பித்தலாகிவிடாது. பாடவேளையைத் தின்னும் எழுத்தர் வேலை எங்கே நடந்தாலும் எழுத்தர் வேலையே.

ஆசிரியர்கள் சோர்ந்துபோகிறார்கள் என்றதும் யோகா முகாமும் மனமகிழ் பயிற்சியும் நடத்தக் கிளம்புகிறார்கள், அதற்கும் செயலியில் ஒரு பதிவோடு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்தச் சோர்வை நோயாக அல்ல, சரிசெய்யப்படாமல் நீடிக்கும் பணியிட அழுத்தத்தின் விளைவாகத்தான் வரையறுத்தது. கோளாறு வேலையில் இருக்கும்போது வேலை செய்கிறவரைச் சரிசெய்யப் பார்ப்பது நியாயமில்லை.

ஆசிரியர்கள் புதுமைக்குப் பயப்படுகிறார்கள் என்ற பழியையும் நான் ஏற்கவில்லை. இந்தக் கரைக்குப் புதுக் கருவி அந்நியமே இல்லை. அச்சு என்பதே புதுக் கருவியாக இருந்த 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இந்தப் பரதவர் கரையை மனதில் வைத்து ஆக்கிய நூல். இன்று படகுகளில் ஜி.பி.எஸ்.ஸும் மீன் காட்டும் எக்கோ சவுண்டரும் இருக்கின்றன. யாரும் கட்டளையிட்டு அவை வரவில்லை. எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்பது படகில் இருப்பவர் கையில். வலை இழுக்கும் நேரத்தில் வலை இழுப்பதைப் படம் எடுத்து அனுப்பு என்று எந்தக் கருவியும் அவரைக் கேட்பதில்லை.

தரவு வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. இடைநின்ற பிள்ளையைத் தேட எமிஸ் உதவுகிறது. தரவு அவ்வளவு முக்கியமென்றால் அதற்கு ஆளைப் போட்டுச் சம்பளம் கொடுக்க வேண்டும். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் அங்குள்ள பயிற்றுநர்களிடம் எமிஸ் வேலையை ஒப்படைக்கலாம் என்று துறையே யோசித்தது நல்ல திசை. ஆய்வகம் இல்லாத சிறிய தொடக்கப் பள்ளியில்தான் சுமை அதிகம். அங்கே அந்த ஏற்பாடு போய்ச் சேராது. குறுவள மையத்துக்கு ஒரு தரவுப் பதிவாளரை நியமித்து, சுற்றியுள்ள பள்ளிகளுக்கு வாரம் ஒருமுறை அனுப்பலாம். திரையை எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள் என்று ஆசிரியரைக் கேட்பதை நிறுத்தலாம். ஒருமுறை பதிந்த விவரத்தை இன்னொரு செயலியில் மறுபடி கேட்கக் கூடாது என்று ஓர் ஆணை போடலாம். அதற்குப் பணம்கூட வேண்டாம்.

இதையெல்லாம் செய்ய நாளாகும் என்றால், தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்புகிற ஜூன் மாதத்தில் மட்டுமாவது தூத்துக்குடிக் கடற்கரைப் பள்ளிகளின் ஆசிரியர்களிடம் வருகையைத் தவிர எந்தப் பதிவும் கேட்காமல் விடுங்கள். மாத முடிவில் எத்தனை பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்று வந்து பாருங்கள்.