மழையில் கண்ட பழவேற்காடு

சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்கச் சென்ற அன்று விடியல் முதலே மழை. தெலுக் ஆயர் வீதியில் 1828-30இல் எழுந்த நாகூர் தர்காவைக் கண்டபின், அரபு வீதித் துணிக்கடையொன்றில் ஒதுங்கினோம். கட்டம் போட்ட கைலியை விரித்த கடைக்காரர், அதன் மலாய்ப் பெயர் 'கைன் பெலேக்காட்' என்றார். பெலேக்காட் வேறன்று, நம் பழவேற்காடே! டச்சுக்காரர் 1613இல் அங்குக் கோட்டை எழுப்பியதும் இத்துணி வாணிகத்தை நாடியே. நெய்த ஊரின் பெயர் கடல் கடந்தும் மலாய் மக்களின் இடுப்பில் நிலைத்துவிட்டது.

நமக்கு நாணம் மேலிட்டது. ஏரியை அடுத்த சுண்ணாம்புக்குளத்திற்குப் பன்முறை சென்றிருந்தும், மீனும் இறாலும் வாங்கியதன்றி வேறொன்றும் வினவியதில்லை. எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் வாயில் காக்கும் டச்சுக் கல்லறைகளைக்கூட அப்பயணத்திற்குப் பின்னரே கண்டோம்.

மாணவர் சுற்றுலா என்றால் உதகை என்றாகிவிட்டது. (உதகை என்ன பிழை செய்தது!) ஓராண்டேனும் இவ்வேரிக்கு அழைத்துச் செல்லலாம். வலை, படகு, காற்று, நீரோட்டம் ஆகியவற்றிற்கு மீனவ முதியோர் வழங்கும் சொற்களை மாணவர் கேட்டு எழுதி வரட்டும். தமிழ்த்துறைக்கு இதனினும் ஏற்ற பணி யாது? அச்சொற்களை அறிந்தோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். மழை ஓய்ந்த தை மாதம் உகந்தது. பூநாரைகளும் அப்போது வந்திருக்கும்.