கழியோரம் ஒரு சுற்று



எண்ணூர்க் கடைத்தெருவில் புறப்பட்டு, காட்டுக்குப்பம் வழியே கழியோரமாக முகத்துவாரம் சென்று, நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் கடற்கரையாகத் திரும்பினால், ஒரு காலைப்பொழுதில் சுற்றி வந்துவிடலாம். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் இடம் இது. அக்கரையில் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள். கழியோரம் கண்டல் மரங்கள். சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் ஏழை மக்கள்.

இச்சதுப்பை வீண்நிலம் என்பாரும் உளர். அன்று, மழைவெள்ளத்தை வாங்கித் தேக்கிக் கடலுக்கு விடுவதும், மீன்குஞ்சுகளை வளர்ப்பதும் இதுவே. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழியில் பரவியபோது, வலையும் படகும் கறுத்தன. மீனவர் இல்லங்களில் அடுப்பெரியவில்லை.

சாம்பலும் மண்ணும் கொட்டிக் கழியைத் தூர்த்தால், தங்க இடமற்ற வெள்ளம் நம் வாசலுக்கே வரும். பிள்ளைகளை அழைத்துச் சென்று இதனைக் காட்டுவோம். கண்டறியாத ஒன்றைக் காக்க யாருக்கு மனம் வரும்?