அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்

குலசைப் பெரியவர்களுக்கும் அண்ணாச்சி, மதினி, தம்பிமார் எல்லோருக்கும் லண்டனிலிருந்து எழுதிக்கொள்வது.

2024 பிப்ரவரி 28-ல் குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்காக அரசு எடுத்தது மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சிப் பக்கத்து நிலம். ஆனால் விலைப் பேச்சு நம் தெருவுக்குள்ளும் வந்துவிட்டது. துக்க வீட்டில் பதினாறு கழிவதற்குள் புரோக்கர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்கிறார்கள். பெரியப்பா தவறிப்போன பிறகு எனக்கும் போன் வந்தது: “பூட்டிக் கெடந்தா கரையான் தின்னுரும். நீ பவர் மட்டும் அனுப்பி வை.”

அனுப்பவில்லை. ஏன் என்று எல்லோருக்கும் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் இறந்தவர் தனிப்பெயரில் உள்ள வீட்டுக்கு விற்பனைப் போர்டு மாட்டலாம், ஆள் கூட்டிவந்து காட்டலாம். புரோபேட் என்கிற கோர்ட் அனுமதி கைக்கு வராமல் விற்பனையை முடிக்க முடியாது. கடன்காரர்கள் யாராவது உண்டா என்று கெஜட்டில் அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் காத்திருப்பவர்களும் உண்டு. மாதக்கணக்கில் இழுக்கிற வேலை. எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் பங்குக்காரர் யார், பாக்கி என்ன என்று தெரிந்த பிறகுதான் பணம் கைமாறுகிறது.

நம்மூரில் அப்படி வழிமறிக்கிற கோர்ட் கிடையாது. இந்துக்களைப் பொறுத்தவரை 1925-ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம், சென்னை, மும்பை, கொல்கத்தா நகரத்துச் சொத்துக்கும் அங்கே எழுதப்பட்ட உயிலுக்கும்தான் புரோபேட்டை நெடுங்காலம் கட்டாயமாக வைத்திருந்தது. திருச்செந்தூர் தாலுகாவில் அவர்களுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததே இல்லை. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரம், இவ்வளவுதான். வாரிசுச் சான்றும் உறவைச் சொல்லுமே தவிர, வீட்டின் உரிமையைத் தீர்மானிக்காது. அதை வாங்கும்போது யார் பெயரைச் சொல்கிறோம், யாரை விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விசாரிக்க வருகிறவரிடம் பதில் சொல்வது அக்கம்பக்கத்தாராகிய நீங்கள்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் இன்னும் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்றுதான் இருக்கிறது. தூத்துக்குடி தனி மாவட்டமானதே 1986-ல்தானே. பட்டா தாத்தா பெயரில். ஆகவே பெரியப்பா பிள்ளைகள் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. என் அப்பாவின் பங்கு எங்களுக்கு வரும். இரண்டு அத்தைமாருக்கும் பங்கு உண்டு. ஒரு அத்தையைக் கொழும்பில் கட்டிக்கொடுத்தது. அவர் இப்போது இல்லை, பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். “அவுகளுக்குச் சீரெல்லாம் செஞ்சாச்சே” என்கிறார் அண்ணன். சீர் செய்ததற்குச் சாட்சி பந்தல்காரர் இருக்கலாம். விடுதலைப் பத்திரம் இருக்கிறதா? தகப்பனார் சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் போன சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. பூர்வீகச் சொத்துக்கு நம் மாநிலம் 1989-லும் மத்திய அரசு 2005-லும் வழி செய்தன. பட்டுச்சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குகிற வழக்கத்தை இனியாவது விடுங்கள், அண்ணாச்சிமாரே.

இன்னொருவரையும் மறந்துவிடுகிறோம். மகன் முந்திக்கொண்டு, பெற்ற தாய் உயிரோடிருந்தால் இந்து வாரிசுச் சட்டப்படி அந்தத் தாய்க்கும் ஒரு பங்கு. மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் ஆச்சியை யாரும் பங்குக்காரராக நினைப்பதில்லை. நம்மூர் முஸ்லிம் வீடுகளிலும் கிறிஸ்தவ வீடுகளிலும் பங்குக் கணக்கு வேறு. அதை அவரவர் தெரிந்த வக்கீலிடம் கேட்பதே நல்லது.

பவர் விஷயத்துக்கு வருகிறேன். எழுதிக் கொடுத்தவர் கண்ணை மூடியதுமே அந்தப் பவரும் செத்துப்போகும். பெரியப்பா முன்பு கொடுத்த பவரை வைத்துக்கொண்டு இப்போது கிரயம் செய்தால் அது செல்லாது. வாங்குகிறவர் பின்னாளில் கோர்ட்டில் நிற்பார். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரர் பங்குப் பணத்தில் வாங்குகிறவர் வரி பிடிப்பார். “அவனுக்கு மட்டும் ஏன் குறைஞ்சுது” என்று பிறகு சண்டை வேண்டாம், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆளில்லாத வீட்டுக்கு ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து யார் பார்ப்பது? விற்கட்டும். தசராவுக்கு மாலை போட்டு, வேஷம் கட்டி எல்லோரும் ஊருக்கு வருகிற நாட்களில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, தாத்தாவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கிளையாக எழுதுங்கள். அத்தைமார் பெயரை முதலில் எழுதுங்கள். நாம் வழக்கமாக விடுவது அவர்களைத்தான். கூட்டுறவு வங்கி நகைக்கடன், வீட்டு வரி பாக்கி, கைமாற்று எல்லாவற்றையும் கூடவே எழுதுங்கள்.

கொழும்பு அத்தை பிள்ளைகளிடம் நான் பேசிவிட்டேன். விற்பதற்கு அவர்களுக்குச் சம்மதம்தான், விலையை மட்டும் நேரில் பேச வேண்டும் என்கிறார்கள். அதுவரை எங்கள் வீட்டுக்கு யாரும் அட்வான்ஸ் கொண்டுவர வேண்டாம். கொடுத்தாலும் அண்ணன் வாங்க மாட்டார், அவரிடமும் சொல்லியாயிற்று.