கதைக்கரு எங்கே பிறக்கிறது?

நம் குடும்பங்களில் திரைப்படம் பார்ப்போர் மட்டுமன்றி, திரைப்படத்திற்குக் கதை எழுத விழைவோரும் இன்று பெருகி வருகின்றனர். கையிலுள்ள செல்பேசியைக் கொண்டே குறும்படம் எடுத்துவிடலாம் என்னும் நிலை வந்துவிட்டது. ‘பிள்ளை படிப்பை விட்டுவிட்டுக் கதை கதை என்று அலைகிறானே’ எனப் பெற்றோர் கவலையுறுகின்றனர். அக்கவலை காரணமற்றதன்று. ஆயினும் கதை சொல்லும் ஆசை பழிக்கத்தக்கதும் அன்று. அவ்வாசை உருப்பெற வேண்டுமாயின், முதலில் கதைக்கரு என்றால் என்னவென்று தெளிய வேண்டும். இத்திங்கள் அதனைச் சிந்திப்போம்.

‘இதுவரை எவரும் சொல்லாத கதை வேண்டும்’ என்பதே இளைஞர்களின் முதல் தவிப்பு. அதனால் சிலர் நடவாத விந்தைகளைத் தேடிப் போகின்றனர். சிலர் அயல்நாட்டுப் படங்களைப் பார்த்து, பெயரையும் ஊரையும் மாற்றித் தமதாக்கிக் கொள்கின்றனர். இரண்டுமே கருவைத் தப்பான இடத்தில் தேடுவதாகும். நிகழ்ச்சி புதிதாக இருப்பதால் கரு புதிதாகி விடுவதில்லை. அந்நிகழ்ச்சி யாருக்கு நேர்கிறது, அதனால் அவர் எதை இழக்கிறார் என்பதிலேதான் கருவின் தனித்தன்மை அடங்கியுள்ளது.

இதற்குச் சிறந்ததொரு சான்று இத்தாலியில் உண்டு. லூயிஜி பார்த்தோலீனி என்பவர் 1946ஆம் ஆண்டு ஒரு நாவல் வெளியிட்டார். உரோமை நகரில் ஒருவருடைய மிதிவண்டி களவு போகிறது. அவர் அதனைத் தேடி அலைகிறார். இவ்வளவே செய்தி. அந்நூலில் வண்டியைப் பறிகொடுப்பவர் ஒரு கலைஞர். அது கிடைக்காவிடினும் அவர் வீட்டு அடுப்பு அணைந்துவிடாது.

இயக்குநர் வித்தோரியோ தெ சிக்காவும் எழுத்தாளர் செசாரே சவாத்தீனியும் அவர்தம் துணைவர்களும் அந்நாவலைத் திரைக்கதையாக்கினர். நிகழ்ச்சியை அவர்கள் மாற்றவில்லை, மனிதனை மாற்றினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெடுங்காலம் வேலையின்றித் தவித்த அந்தோனியோ என்னும் தொழிலாளிக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சொந்த மிதிவண்டி இருந்தால்தான் அந்த வேலை. வண்டியோ அடகுக் கடையில். அவன் மனைவி மரியா வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு போய் அடகு வைத்து வண்டியை மீட்டுத் தருகிறாள். வேலையின் முதல் நாளன்றே, அவன் ஏணியில் நின்று சுவரொட்டி ஒட்டிக் கொண்டிருக்கையில், வண்டி களவாடப்படுகிறது.

இப்போது அதே மிதிவண்டியை எடை போட்டுப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் சோறும், ஒரு மனைவியின் நம்பிக்கையும், தந்தையைப் பெருமையோடு நோக்கும் சிறுவன் புரூனோவின் மதிப்பும் அதன்மேல் ஏறியிருக்கின்றன. காவல் நிலையத்தாருக்கோ அது ஆயிரத்தில் ஒன்றான சிறு களவு. உலகுக்கு அற்பமானது ஒருவனுக்கு உயிராக இருக்கும் இந்த முரண்பாட்டிலேதான் கரு உயிர் பெறுகிறது.

தந்தையும் மகனும் நகரெங்கும் தேடுகின்றனர். வண்டி கிடைக்கவில்லை. இறுதியில் அந்தோனியோ மனம் உடைந்து, தானே பிறனொருவனின் மிதிவண்டியைத் திருட முற்பட்டு, மகன் காணவே பிடிபடுகிறான். அழுகின்ற சிறுவனைக் கண்ட வண்டிக்காரர், தகப்பனைப் போக விட்டுவிடுகிறார். மகன் தந்தையின் கையைப் பற்றிக் கொள்கிறான். 1948இல் வெளிவந்த அப்படத்தின் இத்தாலியத் தலைப்பு ‘மிதிவண்டித் திருடர்கள்’ எனப் பன்மையில் அமைந்திருப்பதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. ‘வண்டி கிடைக்குமா?’ என்று தொடங்கிய வினா, ‘இந்த நேர்மையான மனிதன் நேர்மையானவனாகவே நிலைப்பானா?’ என்று முதிர்ந்துவிடுகிறது. வெளியே ஒரு தேடலும் உள்ளே ஒரு சோதனையும் ஒருங்கே அமைவதுதான் வலிய கரு.

அந்தோனியோவாக நடித்த லாம்பெர்த்தோ மஜ்ஜொரானி தொழில்முறை நடிகரல்லர். ஓர் ஆலைத் தொழிலாளி. இப்படத்தை 1950இல் இலண்டனில் கண்ட சத்யஜித் ராய், புதுமுகங்களைக் கொண்டும் எளிய வாழ்வைப் படமாக்க இயலும் என்று துணிவு பெற்றார். அத்துணிவின் பயனாக 1955இல் ‘பதேர் பாஞ்சாலி’ பிறந்தது. அவர் மிதிவண்டிக் கதையைத் திருடவில்லை. பார்க்கும் முறையைக் கற்றுக்கொண்டார். கற்பதற்கும் களவாடுவதற்கும் உள்ள வேற்றுமையை நம் இளைஞர் இதனின்று உணரலாம்.

கரு எளிய வினாவாகவும் இருக்கலாம். அமெரிக்க எழுத்தாளர் பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன், ‘நான் பிறவாதிருந்தால் உலகம் எவ்வாறு இருந்திருக்கும்?’ என்னும் வினாவை வைத்து ஒரு சிறுகதை எழுதினார். அதனை வெளியிட எவரும் முன்வராததால், 1943இல் 200 படிகள் அச்சிட்டுக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக நண்பர்களுக்கு அனுப்பினார். அக்கதையே ஃபிராங்க் காப்ராவின் இயக்கத்தில் 1946இல் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ என்னும் படமாயிற்று. இடையில் எழுத்தாளர் பலர் அதனைத் திரைக்கதையாக்க முயன்று முழு வெற்றி காணவில்லை. நல்ல கரு கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். படம் வெளியான காலத்தில் போதிய வசூலும் பெறவில்லை. பின்னாளில் தொலைக்காட்சி வாயிலாகவே வீடுதோறும் புகுந்தது. திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில் இவ்விரு படங்களும் இடம்பெற்றுள்ளன.

எழுத விரும்பும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே. உமது கருவை இரண்டு வாக்கியங்களில் எழுதிப் பாரும். அதில் நான்கு செய்திகள் தெரிய வேண்டும்: மனிதர் யார், அவருக்கு வேண்டுவது என்ன, தடுப்பது எது, கிடைக்காவிடில் இழப்பது என்ன. ‘ஒரு தையல் இயந்திரம் பழுதாகிறது’ என்பது வெறும் செய்தி. ‘மகளின் தேர்வுக் கட்டணத்திற்காக இரவெல்லாம் தைக்கும் கைம்பெண்ணின் இயந்திரம், கட்டணம் செலுத்த வேண்டிய நாளுக்கு இரு நாள் முன்னர் பழுதாகிறது, அவள் கையிலோ அண்டை வீட்டார் நம்பி ஒப்படைத்த சீட்டுப் பணம் இருக்கிறது’ என்றால் கரு பிறந்துவிடுகிறது. அவள் என்ன செய்வாள் என்று கேட்போர் மனம் தவிக்கும். அத்தவிப்பு எழாவிடின், நிகழ்ச்சிகளை மேலும் மேலும் அடுக்கிப் பயனில்லை. மனிதரை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

நெருங்கிப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. அடுத்த வீட்டாரின் துயரம் நமக்குக் கிடைத்த சரக்கன்று. நம்பிச் சொன்னவரின் கண்ணீரை, ஊரார் அடையாளம் கண்டு கொள்ளும்படி திரையில் காட்டுவது இரண்டகமாகும். இழப்பின் தன்மையை அவரிடம் கற்றுக்கொண்டு, ஆளையும் சூழலையும் புதிதாகப் படைப்பதே எழுத்தாளன் கடமை.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கதை சொல்ல வரும்போது, ‘இதெல்லாம் சோறு போடுமா?’ என்று வாயடைத்துவிடாதீர்கள். ‘உன் கதையில் வருகிறவன் எதை இழக்கிறான்?’ என்று கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை தேடும் பிள்ளை, பிறர் துன்பத்தின் எடையை அறியத் தொடங்குவான். அவன் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அவ்வறிவு குடும்பத்திற்கு ஆதாயமே.