வாயை அடைத்தால் தீ அணையுமா?

கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த மலைகளையும் தம் வாழ்விடமாகக் கொண்ட எவரும் 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை மறந்துவிட முடியாது. அதற்கு முந்திய பெப்ரவரியில் தெல்தெனியாவுக்கு அருகே, வீதியில் எழுந்த ஒரு சச்சரவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர், மார்ச் மாதத் தொடக்கத்தில் வைத்தியசாலையில் உயிர் நீத்தார். குற்றம் புரிந்தவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்தினால் முடிந்திருக்க வேண்டிய விவகாரம் அது. ஆனால் இனவாதத்தை வியாபாரமாகக் கொண்டோர் அதனை அவ்விதம் முடிய விடவில்லை. 5ஆம் திகதி திகனவில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தீக்கிரையாயின. எரிந்த வீடொன்றினுள் சிக்கிய முஸ்லிம் இளைஞர் ஒருவர் மாண்டார். அடுத்த நாள் நாடெங்கும் அவசரகாலச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியன தடை செய்யப்பட்டன. கண்டி மாவட்டத்தில் இணையத் தொடர்பே மட்டுப்படுத்தப்பட்டது.

தீ வைத்தவன் கையிலிருந்து தீப்பந்தத்தைப் பறிக்க முடியாத அரசாங்கம், தீயைக் கண்டு அலறியவனின் குரலைப் பறித்தது. இதைத்தான் பாதுகாப்பு என்று அழைத்தார்கள். நாம் அன்றும் இதனை ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

முதலிலே, பறிக்கப்பட்டது யாது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வோம். இணையவழி அழைப்பு என்பது செல்வர்களின் பொழுதுபோக்கு அன்று. பேசுவோனின் குரலைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பகுத்து, கடிதங்களையும் படங்களையும் சுமந்து செல்லும் அதே வழியில் அனுப்பி, மறுமுனையில் ஒன்றுசேர்த்துக் கேட்கச் செய்யும் முறை அது. நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் அறவிடும் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பைவிட அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். இந்தச் சொற்பமே ஏழைக்குச் சுவர்க்கம். ஹந்தானை மலைச்சரிவிலும் கலஹா, தெல்தோட்டைப் பகுதிகளிலும் உள்ள லயங்களிலே, தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாய் இருக்க, பாட்டியின் மடியில் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர்! அக்குழந்தைகளுக்குத் தாயின் முகம் கைத்தொலைபேசியின் கண்ணாடியில் தெரியும் முகந்தான். அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கணவன் சவூதியிலோ கத்தாரிலோ உழைக்க, இங்கே குடும்பத்தைக் கட்டிக் காக்கும் பெண்களின் நிலையும் இதுவே.

ஊர் எரிகிறது என்ற செய்தி பாலைவனத்தின் மறுகரையை எட்டிவிட்டது. ஆனால் “என் பிள்ளை உயிரோடிருக்கிறானா?” என்ற கேள்விக்கு விடை கேட்கும் வழி அடைபட்டது. பணம் உள்ளவன் நேரடி வெளிநாட்டு அழைப்பை எடுத்துப் பேசினான். பணம் இல்லாதவள் அழுதுகொண்டு பாத்திரம் துலக்கினாள். ஒரு தடை எல்லோர்க்கும் பொதுவானது என்று அரசாங்கம் சொல்லும்பொழுது, அதன் சுமை எந்த வர்க்கத்தின் முதுகில் இறங்குகிறது என்று கேட்பது நமது கடமையாகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு மறுமுனையிலும் ஒரு சுவர் இருந்தது. வளைகுடா நாடுகள் பலவற்றில் இணையவழிக் குரல் அழைப்புகள் நெடுங்காலம் தடுக்கப்பட்டே இருந்தன. சவூதி அரேபியா 2017ஆம் ஆண்டிற்றான் தடையைத் தளர்த்தியது. ஐக்கிய அரபு அமீரகமோ, தான் உரிமம் வழங்கிய சில செயலிகளுக்கு மட்டுமே இடமளித்தது. அங்கே அரசியல் அச்சத்தோடு தொலைபேசி நிறுவனங்களின் வருமானக் கணக்கும் கைகோத்து நின்றது. இங்கே அவசரகாலம், அங்கே இலாபம். இரண்டு சுவர்களுக்கும் இடையே நசுங்கியது ஒரு கூலிப் பெண்ணின் குரல்.

“நீங்கள் கூறுவதெல்லாம் சரி, ஆயினும் தடை விதித்திராவிட்டால் இன்னும் எத்தனை உயிர்கள் போயிருக்கும்?” என்று கேட்பார் உளர். இது அற்பமான கேள்வி அன்று. நம்முடைய முஸ்லிம் நண்பர்கள் சிலரே அந்நாட்களில் தடையைக் கேட்டு ஆறுதல் பெருமூச்சு விட்டதை நாம் அறிவோம். எரியும் தெருவில் நின்றவர்களின் பெருமூச்சை ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை. நஞ்சு தோய்ந்த எழுத்துகளும் படங்களும் பேஸ்புக்கில் பரவின என்பதும், கும்பல்கள் வட்ஸ்அப் வழியாக ஆள் திரட்டின என்பதும் உண்மையே. அதனை மறைத்துக்கொண்டு வாதாட வேண்டிய நிலையில் நாம் இல்லை.

ஆனால் தீவட்டி ஏந்தியவன் அந்த வீதி வழியாக வந்தான் என்பதற்காக, தப்பியோட வேண்டியவனுக்கும் அவ்வீதியை அடைத்துவிடலாமா? “அவர்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள்” என்ற எச்சரிக்கையும் அதே வழியிற்றான் சென்றது. நாட்களை எண்ணிப் பாருங்கள். திகன எரிந்தது 5ஆம் திகதி. தடை வந்தது 7ஆம் திகதி. மாண்டவரின் உடல் ஊருக்கு வரும்பொழுது கலகம் மூளக்கூடும் என்று ஊகிக்க இணையம் வேண்டியதில்லை. பொலிஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் இருந்தாற் போதும். அக்கண்கள் மூடியிருந்தன என்பது மட்டுமன்று. பொலிஸாரும் அரசியல்வாதிகள் சிலரும் தாக்குதலுக்குத் துணை நின்றனர் என்று பாதிக்கப்பட்டோர் முறையிட்டதை ராய்ட்டர் செய்தி நிறுவனம் அம்மாதமே உலகுக்கு அறிவித்தது. அம்முறைப்பாட்டுக்குச் சாட்சி சொன்னவை அங்கே பொருத்தப்பட்டிருந்த சிறு கமராக்கள். தொடர்பை அறுப்பவன் வதந்தியை மட்டும் அறுப்பதில்லை. சாட்சியையும் சேர்த்தே அறுக்கிறான்.

வதந்திக்கு இயந்திரம் தேவையா? சரித்திரத்தைக் கேளுங்கள். 1915ஆம் ஆண்டு மே மாதம், வெசாக் காலத்தில், இதே கண்டி நகரத்தின் பள்ளிவாசல் முன்னிலையில் மூண்ட கலகம், சில நாட்களுக்குள் கொழும்பை எட்டிற்று. அன்று பேஸ்புக் இருந்ததா? 1983 யூலையில், கொழும்புக்குள் புலிகள் புகுந்துவிட்டார்கள் என்ற பொய் 29ஆம் திகதி நகரெங்கும் பரவி, ஓய்ந்திருந்த கொலைவெறியை மறுபடியும் மூட்டியது. அன்று வைபர் இருந்ததா? இல்லை, பத்திரிகைத் தணிக்கைதான் இருந்தது. உண்மை அறியும் வழி அடைபட்ட இடத்திலேதான் வதந்தி அரசு செலுத்துகிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையிலும் இதுவே நடந்தது. முஸ்லிம் உணவுக்கடையில் கொத்துரொட்டிக்குள் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற புரளி ஊரைக் கொளுத்தியது. அது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அந்த உண்மையைச் சிங்களக் கிராமம் ஒவ்வொன்றிலும் உரத்த குரலில் சொல்ல வேண்டியவர் யார்? அமைச்சர்களும் மதத் தலைவர்களும் ஆசிரியர்களும் அன்றோ? பொய் குதிரையேறிப் பறந்தது. உண்மை நொண்டி நொண்டி நடந்தது. பொய்யின் வேகத்தைக் கண்டு அஞ்சிய ஆட்சியாளர், உண்மைக்கும் ஒரு குதிரை கொடுப்பதற்குப் பதிலாகப் பாதையையே மூடினார்கள்.

இங்ஙனம் கூறுவதனால் நாம் பேஸ்புக் முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ணிவிடலாகாது. இலங்கையில் பேஸ்புக் வழியே வெறுப்பு விதைக்கப்படுவதை மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து நூலாக வெளியிட்டது. அந்நிறுவனம் செவிசாய்க்கவில்லை. சிங்கள மக்களின் கண்களுக்கு விளம்பரம் விற்றுப் பணம் சேர்க்க அதற்குத் தெரிந்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட கொலை அழைப்பை வாசித்து அகற்றப் போதிய ஆட்களை அமர்த்தத் தெரியவில்லை. இரண்டு வருடம் கழிந்து, 2020 மே மாதத்தில், தன் மேடை துர்ப்பிரயோகம் செய்யப்பட்டதற்காக அது மன்னிப்புக் கேட்டது. திகனவில் எரிந்த கூரை ஒன்றுகூட அந்த மன்னிப்பினால் மீண்டதில்லை. 2018 மார்ச் 15ஆம் திகதி பேஸ்புக் மீதான தடை நீங்கியது எவ்வாறு? கம்பனியின் பிரதிநிதிகளும் அரசாங்க அதிகாரிகளும் ஒரு மேசையில் அமர்ந்து பேசிய பின்னர் நீங்கியது. வீடு இழந்தவர்களும் குரல் இழந்தவர்களும் அம்மேசையில் இருக்கவில்லை.

நமது இடதுசாரி நண்பர்கள் சிலரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. “சீனாவைப் பாருங்கள், அந்நிய முதலாளிகளின் இணையத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டது” என்று அவர்கள் பெருமிதம் கொள்கிறார்கள். பார்ப்போம். 2009 யூலையில் உரும்சி நகரில் உய்குர் மக்களுக்கும் ஹான் மக்களுக்கும் இடையே இரத்தக் களரி ஏற்பட்டபொழுது, சிஞ்சியாங் பிரதேசம் முழுவதற்கும் இணையம் துண்டிக்கப்பட்டது. மறு வருடம் மே மாதம் வரை, ஏறத்தாழப் பத்து மாதங்கள், அது முற்றாக மீளவில்லை. இனங்களின் பகை அதனால் தீர்ந்ததா? அங்கே ஸ்கைப் சில காலம் அனுமதிக்கப்பட்டிருந்தது, எத்தகைய ஸ்கைப்? உள்நாட்டுக் கூட்டாளியின் பெயரில் வழங்கப்பட்ட அதனூடாகச் சென்ற செய்திகள், குறிப்பிட்ட சொற்களுக்காகச் சலிக்கப்பட்டுச் சேமிக்கப்பட்டன என்பதை 2008இல் தொரொன்ரோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர் வெளிப்படுத்தினர். அமெரிக்க முதலாளி வாசலில் நிறுத்தப்படவில்லை. ஒட்டுக் கேட்கும் பங்காளியாக உள்ளே அழைக்கப்பட்டான். 2017இல் அச்செயலியும் அங்குள்ள கடைகளினின்று அகற்றப்பட்டது. 2025இல் உலகெங்கும் அது மூடப்பட்டுவிட்டது. எஞ்சியவை அரசின் செவிக்கு எட்டும் உள்நாட்டுச் செயலிகளே. சுவர் எழுப்புவோன் கையில் பிடித்திருக்கும் கொடியின் நிறத்தைக் கொண்டு சுவரை எடைபோடுவது பொதுவுடைமை ஆகாது. தொழிலாளி தன் சகதொழிலாளியுடன் பேசத் தடையாக இருப்பது எதுவோ, அது அவனுக்குப் பகை.

தடை உள்ள இடத்தில் தடையை மீறும் தந்திரமும் பிறக்கும். 1915இல் வெள்ளை அரசு இராணுவச் சட்டம் பிறப்பித்து வாய்களை அடைத்தபொழுது, அதன் கொடுமைக்குச் சான்றான ஆவணத்தை ஈ. டபிள்யூ. பெரேரா தமது சப்பாத்தின் அடியில் மறைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார் என்பதை நமது சரித்திரம் போற்றுகிறது. 2018இல் வீ.பி.என். எனும் மறைவழியே அந்தச் சப்பாத்து. கண்டி வாலிபர்கள் பலர் ஒரே இரவில் அதனைக் கற்றுக்கொண்டனர். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மக்கள் வீதிக்கு இறங்க முனைந்தபொழுதும் அதே தடை, அதே தந்திரம். அந்நாளில் அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்ஷவே தாம் வீ.பி.என். வழியாகப் பேசுவதாகவும் இத்தகைய தடைகள் பயனற்றவை என்றும் பகிரங்கமாக எழுதினார்! பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி விதிக்கப்பட்ட அத்தடைக்கு அந்த அமைச்சுக்கு அதிகாரமே இல்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழு கூறிற்று. ஒரு நாள் முடிவதற்குள் தடை தளர்ந்தது. 2018க்கும் 2022க்கும் உள்ள தொடர்பை நாம் சிந்திக்க வேண்டும். முஸ்லிமைக் காக்கவென்று முதலிற் பூட்டிய பூட்டு, நாலு வருடத்தில், பசித்த சிங்களவனின் வாயிலும் தமிழனின் வாயிலும் விழுந்தது.

ஆயினும் மாணவ நண்பர்களே, தந்திரத்தை உரிமை என்று மயங்கிவிடாதீர்கள். பேராதனை விடுதியில் இருந்துகொண்டு மறைவழி தேடிப் பேசிவிட்டவன், தான் வென்றுவிட்டதாக மகிழலாம். ஹந்தானை லயத்தில் இருக்கும் கிழவிக்கு அவ்வழியைச் சொல்லிக் கொடுத்தவர் யார்? கெட்டிக்காரன் தப்பிக்கும் துவாரம் இருக்கும்வரை சுவர் நிலைத்தே நிற்கும். துவாரம் போதும் என்று கெட்டிக்காரன் மௌனமாயிருப்பதே சுவருக்கு முட்டுக்கொடுக்கிறது. பெரேராவும் ஆவணத்தைச் சப்பாத்தினுள் வைத்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. அதனை எடுத்து நீட்டி நியாயம் கேட்டார்.

2024ஆம் ஆண்டு சனவரியில் பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. எது உண்மை, எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை, ஜனாதிபதி நியமிக்கும் ஓர் ஆணைக்குழுவின் கையில் அது ஒப்படைத்தது. ஆட்சிகள் மாறும், ஆட்சியாளர்க்குப் பூட்டின்மேலுள்ள ஆசை எளிதில் மாறுவதில்லை. ஆதலின் நாம் கேட்பது இதுதான். இன வெறுப்பைத் தூண்டிக் கொலைக்கு அழைப்பவனை, அவன் எந்த அங்கியை அணிந்திருந்தாலும், சாதாரணச் சட்டத்தின்படி கைது செய்து நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். கும்பல் கூடுமுன் பொலிஸை அனுப்புங்கள். கும்பலோடு கூடும் பொலிஸைத் தண்டியுங்கள். இந்த நாட்டில் பணம் பண்ணும் கம்பனி இந்த நாட்டு மொழிகளில் பொறுப்புக் கூறட்டும். எந்த நெருக்கடியிலும் தாயும் பிள்ளையும் பேசும் வழியை மூடாதீர்கள்.

ஆசிரியர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கண்டியின் பாடசாலைகளிற் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் வேறு வேறு மதிலுக்குள் அமர்ந்து படிக்கும்வரை, ஒருவரைப் பற்றி ஒருவர் எந்தப் பொய்யையும் நம்புவர். அந்தப் பொய் இணையத்தில் வந்தால் என்ன, காற்றில் வந்தால் என்ன? அடுத்த வீட்டுக்காரனின் மொழியைக் கற்றவன், புரளி வந்த அன்று அவன் கதவைத் தட்டி உண்மையைக் கேட்டறிவான். அவ்விதம் தட்டும் கைகள் திகனவில் இன்னும் சில இருந்திருந்தால், அன்று அங்கே எரிந்தவை அவ்வளவாக இருந்திரா.